நாசரேத்தும் நாற்சந்தியும்

வாசிக்க: மத்தேயு 6:1-18, யோவான் 1:43-51



செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கரையோரத்திலும் வாழும் கிறிஸ்தவர்களாகிய நமக்கு அயலார் சூட்டியிருக்கும் பெயர்களை நீங்கள் அறிவீர்கள். ‘அல்லேலூயா கூட்டம்’ என்பார்கள். ‘ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள்’ என்பார்கள். சற்று நாசூக்காகப் பேசுகிறவர்கள், ‘உங்களுக்கென்ன, அமெரிக்கப் பணம் வருகிறது’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். கேட்டுப் புண்படுகிறோம். ஆலய வாசலில் நின்று ஒருவரிடம் ஒருவர் சொல்லி வருந்துகிறோம். உலகம் நம்மைப் பகைக்கும் என்று ஆண்டவரே முன்னறிவித்தாரே என்று ஆறுதலும் தேடிக்கொள்கிறோம்.

இந்த ஆறுதல் நமக்கு மிக மலிவாகக் கிடைத்துவிடுகிறது. அயலார் நம்மைக் குறித்து மனதில் வரைந்துவைத்திருக்கும் சித்திரத்தில் ஒரு பாதி பொய். அதை மறுக்க நமக்கு உரிமை உண்டு. மறுபாதிக்கு மை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை நம் சாட்சி இந்த மாவட்டத்தில் எடுபடாது.

பொய்யான பாதியை முதலில் பார்ப்போம். 1891ஆம் ஆண்டில் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் சமூகத்தின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். வயலில் உழைத்தவனுக்கு வயல் இல்லை. குடியிருந்த மனைகூட அவனுடையதல்ல. பட்ட கடன் அவனை மிராசுதாரரோடு கட்டிப்போட்டது. தரிசு நிலம் கேட்டு அவன் விண்ணப்பித்தால் மிராசுதாரரின் எதிர்ப்பு குறுக்கே நின்றது. அந்நாட்களில் இம்மக்களுக்காக இடைவிடாமல் அரசிடம் முறையிட்டவர்களுள் ஒருவர், செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஆதாம் ஆண்ட்ரூ. 1892இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையில் தொடங்கியதே, இன்றும் பஞ்சமி நிலம் என்று நாம் பேசும் காரியம். மனு எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதிக் கொடுத்த மனிதனிடம், ‘ஐயா, உம்மை இப்படிச் செய்யத் தூண்டிய தெய்வம் எது?’ என்று அவன் கேட்டிருந்தால் அதில் என்ன இழிவு இருக்கிறது?

பசியோடு வந்தவனைப் பரிகாசம் செய்கிறவர்களுக்கு யோவான் ஆறாம் அதிகாரம் பதில் சொல்லுகிறது. அப்பம் புசித்துத் திருப்தியானதால் தம்மைத் தேடி வந்தார்கள் என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் அதற்கு முந்தின நாளில் அவர்களைப் புல்லின்மேல் உட்காரவைத்துப் போஷித்தவரும் அவரே. வருகிறவனின் நோக்கத்தைச் சோதித்துவிட்டு அவர் சோறு போடவில்லை. நிலமும் பள்ளிக்கூடமும் மரியாதையும் தேடி நம் முன்னோர் திருச்சபையின் வாசலுக்கு வந்தார்கள் என்றால், அது அவர்களுடைய வெட்கமல்ல. அவற்றை அவர்களுக்கு மறுத்த சமுதாயத்தின் வெட்கம். இதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் பிறர் நம்மை இப்படி ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவது அநியாயம் என்றால், நாம் பிறரை அடக்குவது எப்படி நியாயமாகும்? அமெரிக்கக் கிறிஸ்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடையே அவர்களைப்பற்றி இரண்டு சித்திரங்கள் உலவுகின்றன. ஒன்று, அது எழுப்புதலின் தேசம், நாணயத்திலேயே தேவனுடைய பெயரைப் பொறித்த தேசம் என்பது. இதை நம்புகிறவர்கள் அங்குள்ள பிரசங்கியாரின் கோட்டையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் மேடை விளக்குகளையும் அப்படியே இங்கே இறக்குமதி செய்கிறார்கள். மற்றொன்று, அவர்கள் எல்லாரும் வாயில் வேதமும் இடுப்பில் துப்பாக்கியுமாகத் திரியும் மாயக்காரர்கள் என்பது. இதை நம்புகிறவர்கள் தங்களை அறிவாளிகள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பிறந்தவை.

உண்மை என்ன? தேவனை நம்புகிறோம் என்ற வாசகம் 1864 முதல் அமெரிக்க நாணயத்தில் இருந்தாலும், அது அந்நாட்டின் குறிக்கோள் வாசகமானது 1956இல்தான். கொடிக்கு முன்பாகச் சொல்லும் உறுதிமொழியில் தேவனுடைய பெயர் சேர்க்கப்பட்டது 1954இல். கம்யூனிச ரஷ்யாவோடு பனிப்போர் மூண்டிருந்த காலம் அது. நாத்திக அரசுக்கு எதிராகத் தங்களை நிறுத்திக் காட்டுவதற்கு இந்தப் பெயர் அன்று உதவிற்று. நாணயத்தில் பொறித்தது நெஞ்சில் பொறித்ததாகுமா? 1999இல் அமெரிக்கரில் நூற்றுக்கு எழுபது பேர் ஏதேனும் ஒரு வழிபாட்டுத் தலத்தின் அங்கத்தினராயிருந்தார்கள். 2020இல் அது நாற்பத்தேழாகக் குறைந்துவிட்டது என்று காலப் நிறுவனம் கண்டறிந்தது. வாசகம் நாணயத்தில் அப்படியே இருக்கிறது. ஆலயத்து இருக்கைகள்தாம் காலியாகின்றன.

அதே தேசத்தில், அதே வேதத்தைக் கையில் ஏந்தி, 1845இல் அடிமை வைத்திருக்கும் உரிமைக்காகத் தென்பகுதி பாப்திஸ்துகள் தனியே பிரிந்துபோனார்கள். 1955இல் மாண்ட்கமரி நகரில், ஒரு பாப்திஸ்து சபைப் போதகராயிருந்த மார்ட்டின் லூதர் கிங், ஆலயங்களில் மக்களைக் கூட்டி, இனப் பாகுபாட்டுக்கு எதிரான பேருந்துப் புறக்கணிப்பை வழிநடத்தினார். இருசாராரும் வெளியரங்கமாகவே தேவனுடைய பெயரைச் சொன்னார்கள். சத்தத்தின் அளவைக்கொண்டு இவர்களை வகையறுக்க முடியுமா?

நம் முன்னோர் அறிந்த அமெரிக்கர் வேறு வகையினர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இவர்களை நேரில் கண்ட தமிழருக்கு ‘அமெரிக்கக் கிறிஸ்தவர்’ என்றால் மருந்துப் பெட்டியும் தமிழ்ப் பேச்சும் நினைவுக்கு வந்தன. திரையில் மட்டும் காண்கிற நமக்கு மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. ஒரு ஜனத்தின் விசுவாசத்தில் தெருவுக்குத் தெரியும் துண்டை மட்டும் பார்த்து முழுவதையும் தீர்க்கிறவன் தவறுவான். அமெரிக்கர் விஷயத்தில் நாம் தவறுகிறோம். நம் விஷயத்தில் அயலார் தவறுகிறார்கள்.

இதுவரை உங்களில் பலர் மகிழ்ச்சியோடு தலையசைத்திருப்பீர்கள். இனி வருவதற்கும் அப்படியே செவிகொடுங்கள்.

அயலானுக்கு நாம் காட்டும் துண்டு எது? ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சுவரை அதிரவைக்கும் ஒலிபெருக்கி. தேர்வுக்குப் படிக்கும் அவன் பிள்ளையின் காதில் விழும் இரவு ஜெபம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் ஒட்டிய சுவரொட்டிகளில், கிறிஸ்துவின் பெயர் விரற்கடை அளவிலும் ஊழியக்காரரின் முகம் ஆள் உயரத்திலும். குருடர் காண்பார்கள், முடவர் நடப்பார்கள், கடன் தீரும், விசா கிடைக்கும் என்ற வாக்குறுதிகள். வண்டியின் பின்கண்ணாடியில் வேத வசனம். அந்த வண்டியே சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்கிறது. இவற்றைத் தவிர நம் விசுவாசத்தில் வேறெதையும் பார்க்க அவனுக்கு நாம் வாய்ப்பளித்திருக்கிறோமா?

சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மேல், அருகிலுள்ள குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மேளமும் ஒலிபெருக்கியும் தங்களைத் துன்புறுத்துகின்றன என்பது அவர்கள் முறையீடு. இது சிறுபான்மையினரின் வழிபாட்டுக்குத் தடை போடும் முயற்சி என்று சபை வாதாடிற்று. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அயலாரின் அமைதியைக் குலைத்து ஜெபம் செய்யும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மாணவருக்கும் குழந்தைகளுக்கும் அமைதியில் உரிமை உண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை விதித்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பும் வகுத்தன. மலைப்பிரசங்கம் சொல்லியும் கேளாத நமக்கு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அறைக்குள் பிரவேசித்துக் கதவை மூடச் சொன்னவரின் சீஷர்கள், கதவைத் திறந்துவைத்து வெளியே பெட்டியையும் கட்டினோம்.

உங்களில் ஒருவர் உடனே கேட்பார்: ‘ஐயா, ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும்போது கோயில்களில் ஒலிபெருக்கி வைப்பதில்லையா? அரசியல் கூட்டங்களில் அலறுவதில்லையா? நம்மை மட்டும் ஏன் கேட்கிறார்கள்?’ நியாயமான கேள்வி. சட்டம் எல்லாருக்கும் ஒன்றே; அவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் மத்தேயு ஆறாம் அதிகாரம் அவர்களை நோக்கிச் சொல்லப்படவில்லை. நம்மை நோக்கிச் சொல்லப்பட்டது. அடுத்தவன் செய்கிறான் என்பதை அளவுகோலாக்கினால் நமக்கு வேதம் எதற்கு?

இன்னொருவர், ‘இதெல்லாம் உபத்திரவம்’ என்பார். அன்பானவர்களே, அந்த வார்த்தையை வீணாக்காதீர்கள். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, ஏழையின் மனச்சாட்சியைச் சந்தேகத்திற்குரிய பொருளாக்கிய அந்தச் சட்டத்தைத் திருச்சபைகள் எதிர்த்து நின்றது சரியே. 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் ஆலயங்கள் தாக்கப்படுகின்றன, ஊழியர்கள் அடிக்கப்படுகிறார்கள். அவை மெய்யான உபத்திரவம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி, ‘தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள்’ என்று கேட்பதையும் அதே பெயரால் அழைக்கிறவன், அடிபட்ட சகோதரனின் காயத்தை மலிவாக்குகிறான். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒருநாள் நமக்கு மெய்யாகவே அநியாயம் நேரிடும்போது, நமக்காகப் பேச வேண்டியவர்கள் இந்தப் பாட்டியும் அவள் மக்களுமே. பத்தாண்டுகள் அவர்களைத் தூங்கவிடாமல் செய்துவிட்டு, அன்று அவர்கள் வாய் திறக்கவில்லையே என்று நாம் யாரிடம் முறையிடுவோம்?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். மேலே எலும்பும் நரம்புமாக ஒரு தவசி, ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கிறார். கீழே, பெரிய யானையின் அருகில், ஒரு பூனையும் அதேபோல் பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பொய்த் தவத்தை இப்படிச் செதுக்கிவைத்தான். வள்ளுவரும் அதற்கென்று கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ‘ருத்திராட்சப் பூனை’ என்று இன்றும் நாம் பேச்சில் சொல்லுகிறோம். பக்தி வேடத்தைக் கண்டுபிடிப்பதில் நம் மண் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில், கைகளை உயர்த்திய கோலத்தை மட்டும் கண்டு மக்கள் மயங்கிவிடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கலாமா? அவர்கள் முதலில் கோலத்தைப் பார்ப்பார்கள். அடுத்தாக எலிகளின் கதி என்ன என்று பார்ப்பார்கள். விதவையின் காணிக்கை எங்கே போயிற்று, வேலைக்காரப் பெண்ணுக்கு நாம் என்ன கூலி கொடுக்கிறோம், கல்லறைத் தோட்டத்தில்கூட நாம் சாதி பார்க்கிறோமா என்று பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும்.

அப்படியானால் விசுவாசத்தை ஒளித்துவைப்பதா? ஒருபோதும் இல்லை. மத்தேயு 5:16இல், நம் நற்கிரியைகள் மனிதர் கண்ணில் படும்படி வெளிச்சமாயிருக்கச் சொன்னவரும் ஆண்டவரே. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, மனிதர் காணும்படி தர்மம் செய்யாதிருக்க எச்சரிக்கிறவரும் அவரே. முன்னதில் மகிமை பிதாவுக்குப் போகிறது. பின்னதில் செய்கிறவனுக்குப் போகிறது. தானியேல் ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபித்தான். பரிசேயனும் பலர் காண நின்று ஜெபித்தான். தானியேலுக்கு அந்த ஜெபத்தால் சிங்கக்கெபி கிடைத்தது; பரிசேயனுக்குப் புகழ் கிடைத்தது. நம்மைச் சோதிக்க இது போதும். நம் பகிரங்க பக்தி நமக்கு எதையாவது இழக்கச் செய்கிறதா, எதையாவது சம்பாதித்துக் கொடுக்கிறதா? சம்பாதித்துக் கொடுக்கிற பக்தியைச் சந்தேகியுங்கள்.

அந்தப் பரிசேயன் ஜெபத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள் (லூக்கா 18). பிறர் காண ஜெபித்த அதே மூச்சில், தூரத்தில் நின்ற ஆயக்காரனை ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டான். காட்சிக்கான பக்தியும் பிறரைக் குறித்த மலிவான முடிவும் ஒரே வேரில் முளைப்பவை. தன்னை வேடமாகக் காட்டுகிறவனுக்கு மற்றவர்களும் வேடமாகவே தெரிவார்கள்.

வெளிச்சமாயிருப்பது எப்படி என்று அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். செங்கல்பட்டை ஒட்டிய திருமணிக்குப் போனால் போதும். மத்திய அரசு 1955இல் ஏற்று இன்று தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக நடத்தும் இடம், முன்பு ஸ்காட்லாந்து மிஷனெரிகளின் பராமரிப்பிலிருந்த லேடி வெலிங்டன் தொழுநோயாளர் இல்லம். 1940களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அங்கே சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1947இல் அவரைக் காண வந்த பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். பிடியின் வலிமை அவருக்கு வலித்தது. தசைகள் சாகவில்லை என்பதை அந்த வலி அவருக்குச் சொல்லிற்று. வேலூரில் அவர் தொழுநோயாளரின் கைகளுக்குச் செய்த அறுவை சிகிச்சைகள் அந்தக் கைப்பிடியிலிருந்து தொடங்கின. யாரும் தொடத் துணியாத கையைத் தொட்டதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. எண்பது ஆண்டுகள் நெருங்கியும் நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இதே கரை கண்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை மீனவக் குப்பங்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்போது பெயர் சொல்லாமல் உதவினவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். ஆனால் கொடுத்த படகிலும் கட்டிய வீட்டிலும் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதிவைத்தவர்களும் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அரிசிப் பையோடு நிறுத்திப் படம் எடுப்பது, வலது கை செய்வதை இடது கைக்கு மறைக்கச் சொன்னவரின் வழியல்ல. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது என்றால், மத்தேயு 6:2இன்படி பலன் அப்போதே தீர்ந்தது.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஆலயத்துக்கு வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளை உள்ளே திருப்புங்கள். உள்ளே இருக்கிறவர்கள் கேட்டால் போதும், தேவன் செவிடரல்லர். அன்னதானத்திலும் நிவாரணத்திலும் பெறுகிறவரின் முகத்தைப் படம் எடுக்காதிருங்கள். ஊழியக்காரரின் முகம் அச்சிட்ட சுவரொட்டிக்கு ஒரு ரூபாயும் கொடாதிருங்கள். என் முகமானாலும் அப்படியே. அமெரிக்கரையோ, அடுத்த மதத்தாரையோ, அடுத்த சபையாரையோ ஒரே வார்த்தையில் தீர்க்கும் பேச்சு உங்கள் வீட்டில் எழும்பும்போது அதை நிறுத்துங்கள்.

நாத்தான்வேலுக்கும் இயேசுவைக் குறித்து ஒரு முன்முடிவு இருந்தது. நாசரேத்து என்ற ஊர்ப்பெயர் ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிருந்தது. அங்கிருந்து நல்லதொன்றும் வராது என்று எண்ணினான். பிலிப்பு அவனோடு தர்க்கம் செய்யவில்லை. நாசரேத்தின் பெருமையைப் பேசவும் இல்லை. வந்து பார்க்கும்படி அழைத்தான், அவ்வளவே. ஏனெனில் வந்து பார்க்கத் தகுந்தவர் அங்கே இருந்தார் என்பது அவனுக்கு நிச்சயம். நம் அயலானையும் அப்படி அழைக்க நமக்குத் துணிவு உண்டா? சுவரொட்டியைக் கடந்து, மேடையைக் கடந்து, நம் சமையலறைக்கும் கணக்குப் புத்தகத்திற்கும் அவன் வந்து பார்த்தால், அங்கே யாரைக் காண்பான்?

ஜெபம்: அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவே, மனிதர் முன்பாக நாங்கள் கட்டிய மேடைகளை மன்னியும். எங்களைத் தவறாக எண்ணுகிறவர்களிடம் கோபமின்றியும், நாங்கள் தவறாக எண்ணினவர்களிடம் வெட்கத்தோடும் நடந்துகொள்ளக் கிருபை தாரும். எங்கள் அயலார் எங்களுடைய சத்தத்தைக் கேட்பதற்கு முன்பாக எங்களுடைய அன்பைக் காணச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.